சிரட்டைப் பாலும் பிட்சர் கணக்கும்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் கீரிப்பாறை பஸ் ஏறினா, பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் ரப்பர் மரம் வர ஆரம்பிக்கும். காளிகேசத்துக்குக் குளிக்கப் போனப்ப உங்களில் பாதிப் பேர் அந்த வழியா போயிருப்பீங்க. மரத்தில் கட்டியிருக்கிற சிரட்டை பக்கத்தில் நின்னு போட்டோவும் எடுத்திருப்பீங்க. விடியுறதுக்கு முன்னாடி தலையில் லைட் கட்டிக்கிட்டுப் போய், அந்த மரங்களில் பால்வெட்டி, சிரட்டையில் விழுந்ததை வாளியில் சேர்த்து எடைக்குக் கொண்டு வர்றவங்களில் எங்க அம்மாவும் ஒருத்தங்க.

அம்மா வேலை பார்க்கிறது ஒரு தனியார் தோட்டம். பேர் வேண்டாம். அங்க ஒரு எடை நோட்டு உண்டு. ஒவ்வொரு பேருக்கும் நேரா அன்னைக்கு எத்தனை கிலோ என்று எழுதுவாங்க. மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்து, யாருக்கு அதிகமோ அவங்களுக்குக் கூடுதல் காசு. போன வருஷம் முழுக்க அம்மாவோட கணக்கு, பக்கத்து பிளாக் அக்காவோட கணக்குக்குக் கீழேதான். "உனக்கு இப்ப கை ஓடல்ல" என்று மேற்பார்வை பார்க்கிறவர் சொல்லிட்டார். அம்மா பதில் பேசல்ல. வீட்டுக்கு வந்து மட்டும் சொன்னாங்க: "என் மரம் கிழட்டு மரம் மக்களே. அவ மரம் இளசு."

அந்த செமஸ்டரில்தான் டேட்டா சயின்ஸ் எலெக்டிவுக்காக ஒரு பேஸ்பால் டேட்டா செட்டை வச்சு நான் முட்டி மோதிக்கிட்டு இருந்தேன். அம்மா ஒரே வரியில் சொன்ன வழக்கை அமெரிக்காக்காரங்க நூறு வருஷத்துக்கு மேலா பிட்சர்களை வச்சு விசாரிச்சிருக்காங்க என்று அப்பத்தான் தெரிஞ்சது. அந்த விசாரணையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். பேஸ்பால் தெரியாட்டிப் பரவாயில்லை, கிரிக்கெட் தெரிஞ்சா போதும்.

ஆட்டம் இவ்வளவுதான். ஒவ்வொரு அணிக்கும் 9 இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் 3 அவுட். ஆட்டத்தைத் தொடங்கி, கை களைக்கிற வரை தொடர்ந்து எறியுறவர்தான் ஸ்டார்ட்டிங் பிட்சர். நம்ம மாதிரி ஓவருக்கு ஓவர் ஆள் மாத்துறது கிடையாது. அவர் இறங்கினப்புறம் வேற பிட்சர்கள் வருவாங்க. தொடங்கினவர் பொதுவா நாலு நாள் ஓய்வுக்குப் பிறகு அஞ்சாவது நாள்தான் மறுபடி எறிவார். பேட்டர் மூணு ஸ்ட்ரைக்கில் போனா ஸ்ட்ரைக்கவுட். நாலு பந்து குறி தப்பினா பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், அதுக்குப் பேர் வாக். வேலிக்கு வெளியே அடிச்சா ஹோம்ரன், நம்ம சிக்ஸர் மாதிரி.

பழைய காலத்தில் பிட்சரை அளந்தது வெற்றி, தோல்வி எண்ணிக்கையால். விதி இப்படி: தொடங்கின பிட்சர் குறைஞ்சது 5 இன்னிங்ஸ் எறிஞ்சிருக்கணும். அவர் இறங்கும்போது அவர் அணி முன்னிலையில் இருக்கணும். அந்த முன்னிலை கடைசி வரை கைவிட்டுப் போகக் கூடாது. அப்படின்னா அது 'அவர்' வெற்றி. இங்க ஒரு கேள்வி வரணும் உங்களுக்கு. முன்னிலைக்கு வேண்டிய ரன்னை அடிக்கிறது யார்? மத்த பேட்டர்கள். முன்னிலையைக் காப்பாத்துறது யார்? பின்னாடி வர்ற பிட்சர்கள். ஃபைனல் இயர் பிராஜெக்டில் ஒருத்தன் வேலை செய்ய நாலு பேர் மார்க் வாங்குற கதைதான், தலைகீழா.

இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் 1987-ல் நோலன் ரயன். அந்த வருஷம் அவர் லீக்கில் ரன் கொடுத்த சராசரி எல்லாரையும்விடக் குறைவு, ஸ்ட்ரைக்கவுட் 270, அதுவும் லீக்கிலேயே அதிகம். வெற்றி 8, தோல்வி 16. எடை நோட்டை மட்டும் பார்த்திருந்தா அவருக்கும் "கை ஓடல்ல" என்றுதான் சொல்லியிருப்பாங்க.

அடுத்த படி ஈ.ஆர்.ஏ. இதை ஏற்படுத்தின பெருமையை ஹென்றி சாட்விக்குக்குக் கொடுப்பாங்க. 1824-ல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து, சின்ன வயசில் அமெரிக்காவில் குடியேறினவர். முதலில் பத்திரிகைக்கு கிரிக்கெட் எழுதினவர். கிரிக்கெட் ஸ்கோர்கார்டைப் பார்த்துத்தான் பேஸ்பாலுக்கு பாக்ஸ் ஸ்கோர் என்ற அட்டவணையை உருவாக்கினார். அதாவது இந்தக் கணக்கு வியாதி கிரிக்கெட்டிலிருந்து தொத்தினது.

ஈ.ஆர்.ஏ.வில் ஃபீல்டர் செய்த பிழையால் வந்த ரன்னைக் கழிச்சுடுவாங்க. மிச்சமுள்ள ரன்னை 9 ஆல் பெருக்கி, எறிஞ்ச இன்னிங்ஸால் வகுக்கணும். 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது கிடைக்கும். 2018-ல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 217 இன்னிங்ஸில் 41 ரன். 41 × 9 ÷ 217 = 1.70. ரொம்ப அபூர்வமான எண். ஆனா அவர் வெற்றி 10, தோல்வி 9.

ரப்பரில் இதுக்குச் சமமான படி ஒண்ணு இருக்கு. பாலை அப்படியே எடை போட்டா அதில் தண்ணியும் சேர்ந்திருக்கும். பாலில் உலர் ரப்பர் பொதுவா 30 முதல் 40 சதவீதம்தான், மரத்துக்கு மரம், சீசனுக்கு சீசன் மாறும். 10 கிலோ பாலில் 35 சதவீதம் என்றா மூணரைக் கிலோ ரப்பர். 30 என்றா 3 கிலோ. மழை விழுந்த சிரட்டையில் எடை கூடும், ரப்பர் கூடாது. அதனால் நல்ல தோட்டங்களில் சதவீதம் பார்த்துத்தான் கணக்கு எழுதுவாங்க. தண்ணியைக் கழிக்கிற மாதிரிதான் ஈ.ஆர்.ஏ. பிழையைக் கழிக்குது. ஆனா தண்ணியைக் கழிச்சாலும் மரம் கிழடா இளசா என்பது அந்த எண்ணுக்குள்ள அப்படியே உட்கார்ந்திருக்கு, பாருங்க.

ஈ.ஆர்.ஏ.வில் அந்த மறைஞ்சிருக்கிற மரம் எது தெரியுமா? ஃபீல்டரின் கால். பந்துக்குப் பக்கத்தில் போய் கோட்டை விட்டா பிழை என்று எழுதுவாங்க. பந்துகிட்ட போகவே முடியாத மெதுவான ஃபீல்டருக்கு எந்தப் பிழையும் கிடையாது, அது நேரா ஹிட். சோம்பேறி ஃபீல்டர் சுத்தமான ஆள், வேகமா ஓடித் தொட்டவன் குத்தவாளி. நம்ம ஊர் கிரிக்கெட்டிலும் இதேதான். ஓடாமலே நின்னவனை யாரும் கேட்ச் விட்டவன் என்று திட்டுறதில்லை.

கிரிக்கெட் இந்த விஷயத்தில் இன்னும் பின்தங்கி நிக்குது. பையும் லெக் பையும் பவுலர் கணக்கில் வராது, சரி. ஆனா ஒரு ஆள் 5 ரன்னில் இருக்கும்போது கேட்ச் விட்டு, அவர் 150 அடிச்சா, மிச்ச 145-ம் பவுலர்கள் தலையில்தான். எதையும் கழிக்கிறதில்லை.

நம்ம வெங்கட்ராகவனை எடுத்துக்குவோம். சென்னைக்காரர், சுழல் நால்வரில் ஒருத்தர். 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36.11. எண்ணைப் பார்த்தா மத்த மூணு பேருக்கும் கீழே. இப்ப 1971 ஆகஸ்ட், லண்டன் ஓவல் மைதானத்துக்கு வாங்க. இங்கிலாந்து ரெண்டாவது இன்னிங்ஸில் 101-க்கு ஆல் அவுட். இந்தியா இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றி. சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் என்பது வரலாறு. வெங்கட்ராகவனுக்கு 44 ரன்னுக்கு 2. அந்த ரெண்டில் ஒண்ணு ஆலன் நாட். ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் ஏக்நாத் சோல்கர் முன்னால் பாய்ந்து விழுந்து தரையை ஒட்டிப் பிடிச்ச கேட்ச் அது. அந்தப் போட்டோவை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. சோல்கர் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடிச்ச மனுஷன், அதுவும் விக்கெட் கீப்பர் இல்லாம. அந்த விக்கெட்டில் சோல்கர் பங்கு எவ்வளவு, வெங்கட் பங்கு எவ்வளவு?

இதே இன்னிங்ஸில் திருப்பியும் கேக்கலாம். நல்லா ஆடிக்கிட்டு இருந்த லக்கர்ஸ்ட் அவுட் ஆனது, சந்திரசேகர் பந்தில், ஸ்லிப்பில் வெங்கட் பிடிச்ச கேட்ச். அது சந்திரசேகரின் ஆறில் ஒண்ணு. வெங்கட்டின் பவுலிங் கணக்கில் அதுக்கு ஒரு புள்ளி கூட இல்லை. ஜேம்ஸன் ரன் அவுட் ஆனதோ, நேரா அடிச்ச பந்து சந்திரசேகர் கையில் பட்டு ஸ்டம்பில் போய் விழுந்ததால். அது யார் கணக்கிலும் இல்லை. ஒருத்தர் பேருக்கு நேரா ஒரு எண் எழுதியிருந்தா, அதில் இன்னொருத்தர் உழைப்பு இருக்கு, இவர் உழைப்பு இன்னொருத்தர் எண்ணில் இருக்கு.

பேஸ்பாலில் இதை உடைச்சவர் வோரோஸ் மெக்ராக்கன். 2001 ஜனவரியில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாராம்சம் இது: ஹோம்ரன் போக, களத்துக்குள்ள அடிபட்ட பந்துகளில் எத்தனை ஹிட் ஆகுது என்பதில் பெரிய பிட்சருக்கும் சாதாரண பிட்சருக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி. பத்துக்கு மூணு போல எல்லாருக்கும் வருது. ஒரே ஆளுக்கே இந்த வருஷம் ஒண்ணு, அடுத்த வருஷம் வேற. அதாவது அதில் பெரும்பகுதி இரைச்சல். சிக்னல் வேற இடத்தில் இருக்கு. முதலில் யாரும் நம்பல்ல, நம்புறது கஷ்டமும்தான். அப்புறம் பலர் சோதிச்சுப் பார்த்ததில், பிட்சருக்குக் கொஞ்சம் செல்வாக்கு உண்டு, ஆனா நாம நினைச்ச அளவு இல்லை என்ற இடத்தில் வந்து நின்னது.

பாஸ்டன் அணியின் பெட்ரோ மார்ட்டினெஸை வச்சு இதைப் பாருங்க. 1999-ல் ஈ.ஆர்.ஏ. 2.07, 2000-ல் 1.74. எந்த வருஷம் நல்லா எறிஞ்சார்? 2000 என்று கை தூக்குவீங்க. ஆனா 1999-ல் ஸ்ட்ரைக்கவுட் 313, ஹோம்ரன் வெறும் 9. 2000-ல் ஸ்ட்ரைக்கவுட் 284, ஹோம்ரன் 17. அவர் கையிலிருந்து மட்டும் போன விஷயங்களில் 1999-தான் மேல். அந்த வருஷம் அடிபட்ட பந்து ஃபீல்டர் இடைவெளியில் அதிகமா புகுந்து போச்சு. அடுத்த வருஷம் கைக்கு நேரா போச்சு.

அப்போ ஃபீல்டர் யாரும் தொடாத விஷயங்களை மட்டும் எடுத்து ஒரு எண் செய்தா என்ன? ஸ்ட்ரைக்கவுட், வாக், உடம்பில் பட்ட பந்து, ஹோம்ரன். டாம் டாங்கோ என்ற பேரில் எழுதுறவர் பிரபலமாக்கின எஃப்.ஐ.பி. அதுதான். பேப்பர் எடுங்க:

(13 × ஹோம்ரன் + 3 × (வாக் + உடம்பில் பட்டது) − 2 × ஸ்ட்ரைக்கவுட்) ÷ இன்னிங்ஸ் + மாறிலி

13, 3, 2 என்பது ஒவ்வொண்ணும் சராசரியா எத்தனை ரன் வித்தியாசம் பண்ணுது என்பதிலிருந்து வந்த எடை. மாறிலி எதுக்கு? விடை ஈ.ஆர்.ஏ. அளவிலேயே வந்து நிக்கணும், ஒப்பிட வசதியா இருக்கணும், அவ்வளவுதான். 2018-க்கு அது சுமார் 3.16.

டிகிராம்: ஹோம்ரன் 10, வாக் 46, உடம்பில் பட்டது 5, ஸ்ட்ரைக்கவுட் 269. 130 + 153 − 538 = −255. 217-ஆல் வகுத்தா −1.18. மாறிலி சேர்த்தா 1.98.

அதே வருஷம் வாஷிங்டன் அணியின் மேக்ஸ் ஷெர்சர், வெற்றி 18, தோல்வி 7: ஹோம்ரன் 23, வாக் 51, உடம்பில் பட்டது 12, ஸ்ட்ரைக்கவுட் 300. 299 + 189 − 600 = −112. இன்னிங்ஸ் 220.2 என்று போட்டிருப்பாங்க. கால்குலேட்டரில் அப்படியே அடிச்சுடாதீங்க! நம்ம ஓவர் கணக்கில் 4.2 என்றா நாலு ஓவர் ரெண்டு பந்து இல்லையா, அந்த மாதிரி இது 220 இன்னிங்ஸும் ரெண்டு அவுட்டும், அதாவது 220⅔. (லேபில் நான் இதில்தான் ஒரு நாள் முழுக்கத் தொலைச்சேன்.) வகுத்தா −0.51, மாறிலி சேர்த்தா 2.65.

ஷெர்சரும் பிரமாதமான ஆள்தான். ஆனா 18 வெற்றிக்காரரை விட 10 வெற்றிக்காரர் தெளிவா மேல். டிகிராம் தொடங்கின 32 ஆட்டத்தில் அவர் அணி ஜெயிச்சது 14 மட்டும். அதுக்கு அவர் என்ன செய்ய முடியும்? அந்த வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு 30 பேர் வாக்குப் போட்டாங்க. 29 பேர் டிகிராமை முதலிடத்தில் வச்சாங்க. 2010-லேயே இதுக்கு வழி திறந்தாச்சு. சியாட்டில் அணியின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.27 வச்சு, 21 வெற்றி எடுத்த சி.சி. சபாதியாவைத் தாண்டி விருது வாங்கினார். எண் மாறினதால் ஒருத்தர் கைக்கு விருது போய்ச் சேர்ந்தது. இது சும்மா பொழுதுபோக்குக் கணக்கு இல்லை என்று நான் நினைக்கிறது அதனால்தான்.

ஒரு ஆட்டத்தை மட்டும் அளக்கணும் என்றா பில் ஜேம்ஸின் கேம் ஸ்கோர் இருக்கு. அவர் ஒரு டப்பா உணவு ஃபேக்டரியில் காவலாளியா வேலை பார்த்துக்கிட்டே 1977-ல் பேஸ்பால் கணக்குப் புத்தகம் போட ஆரம்பிச்சவர். 50-ல் தொடங்கணும். ஒவ்வொரு அவுட்டுக்கும் 1, நாலாவதுக்குப் பிறகு முடிக்கிற ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் 2, ஸ்ட்ரைக்கவுட்டுக்கு 1 கூட்டணும். ஹிட்டுக்கு 2, பிட்சர் கணக்கில் வர்ற ரன்னுக்கு 4, பிழையால் வந்த ரன்னுக்கு 2, வாக்குக்கு 1 கழிக்கணும். 1998 மே 6 அன்னைக்கு 20 வயசு கெர்ரி வுட் 9 இன்னிங்ஸில் 20 ஸ்ட்ரைக்கவுட், ஒரே ஹிட், வாக் இல்லை, ரன் இல்லை. 50 + 27 + 10 + 20 − 2 = 105. ஹாஸ்டல் டி20 டோர்னமெண்டுக்கு இதே மாதிரி ஒண்ணு யாராவது செய்யுங்க, அடுத்த இதழில் போடலாம்.

மைதானமும் ஒரு மரம்தான். டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், காத்து மெல்லிசு, அடிச்ச பந்து கூடுதல் தூரம் போகும். அங்க எறியுறவர் ஈ.ஆர்.ஏ.வை அப்படியே வேற ஊர் ஆளோட ஒப்பிடக் கூடாது என்று மைதானத்துக்கு ஒரு திருத்தம் போடுவாங்க. நம்ம அஸ்வினுக்கு 106 டெஸ்டில் 537 விக்கெட், சராசரி 24. உள்ளூரில் 383 விக்கெட், சராசரி 21 சொச்சம். வெளிநாட்டில் 154, சராசரி சுமார் 30. இதை வச்சு டீக்கடையில் ஒரு கூட்டம் "பிட்ச் எடுத்த விக்கெட்" என்று சொல்லும், இன்னொரு கூட்டம் சண்டைக்கு வரும். சண்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு பாக்கி இருக்கு: அதே பிட்சுகளில், அதே ஆட்டங்களில் மத்த பவுலர்கள் என்ன சராசரி எடுத்தாங்க? அதைப் பக்கத்தில் வைக்காம வெறும் 21-ம் தப்பு, வெறும் 30-ம் தப்பு.

இப்ப திரும்ப கீரிப்பாறை. பால்வெட்டுறவங்க கையில் இல்லாதது எது? மரத்தின் வயசு, ரகம், மழை, இலை உதிர்ற காலம், எந்த பிளாக் கிடைச்சது என்பது. கையில் இருக்கிறது எது? பட்டையை எவ்வளவு மெல்லிசா சீவுறது. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போல போனா அது நல்ல கை. ஆழம் சரியா இருக்கணும்: பால் குழாய்கள் அதிகமா இருக்கிறது உள்பட்டையில், அதனால் மேலோட்டமா வெட்டினா பால் வராது. ஒரு மயிரிழை கூடுதலா உள்ள போனா மரத்தின் வளர்திசுவில் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமா வளரும், பிற்பாடு அங்க வெட்டவே முடியாது. வெட்டின சரிவு மாறாம இருக்கணும். ஒரு சிரட்டையும் விட்டுப் போகக் கூடாது.

இதில் ஒரு விபரீதம் கவனிச்சீங்களா? தடிமனா, ஆழமா வெட்டுறவங்களுக்கு இன்னைக்கு எடை கூடக் கிடைக்கலாம். நோட்டில் அவங்கதான் மேல. நஷ்டம் தெரியுறது பல வருஷம் கழிச்சு, அந்தப் பட்டைக்குத் திரும்பி வரும்போது. அப்ப அந்த நோட்டை யாரும் தேடிப் பார்க்க மாட்டாங்க.

பால்வெட்டுக்கு ஒரு எஃப்.ஐ.பி. செய்யுறது கஷ்டமே இல்லை. மாசத் தொடக்கத்தில் வெட்டுக் கோட்டில் ஒரு குறி. மாசக் கடைசியில் கோடு எவ்வளவு கீழே இறங்கியிருக்கு என்று அளந்து, வெட்டின நாளால் வகுத்தா ஒரு வெட்டுக்கு எவ்வளவு பட்டை என்று வந்துடும். ஒண்ணு விட்டு ஒரு நாள் வெட்டினா மாசம் 15 வெட்டு, நல்ல கைக்கு 22, 23 மில்லிமீட்டர். அதோட மரத்துக்கு எத்தனை காயம் என்று எண்ணணும். எடையை ஒப்பிடணும் என்றா ஒரே வயசு, ஒரே ரகம், ஒரே நாள் மட்டும் ஒப்பிடணும்.

பொங்கல் லீவில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் மார்க்கரும் எடுத்துக்கிட்டுப் போய் அம்மா பிளாக்கில் 20 மரம், பக்கத்து பிளாக் அக்காகிட்ட கேட்டு அங்க 20 மரம் குறி போட்டு வச்சேன். 20 மரம் போதாது என்று ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவங்க சொல்வீங்க, தெரியும். அடுத்த தடவை போகும்போது அளக்கணும். அக்காவுடைய கை அம்மாவுடையதைவிட நல்லா இருக்கு என்று வந்தாலும் வரலாம், அதையும் எழுதுறேன். நான் குனிஞ்சு குறி போடுறதைப் பார்த்துக்கிட்டே நின்ன அம்மா கேட்டது ஒண்ணுதான்: "அளந்து முடிச்சியா? அப்ப அந்தச் சிரட்டைய நேரா வச்சிட்டு வா மக்களே, பால் வெளிய போகுது."